இரண்டு ஆற்றல் நிலைகள்

1. குவாண்டம் மெக்கானிக்ஸ் தேர்வு பகல் ஒரு மணிக்கு முடிந்தது.
2. கல்லூரி வாசலில், டீக்கடை பெஞ்சைச் சுற்றி நின்று விடைகளை ஒப்பிட்டோம்.
3. என் தோழியின் மூன்றாவது கணக்கு தவறு என்று நான் சொன்னேன்.
4. அடுத்த தேர்வுக்கு அவள் வரவில்லை.
5. அவள் போட்ட கணக்கு சரி.

எழுதிய விடைகளை வினாத்தாளின் ஓரத்தில் எண்ணிட்டுக் குறித்து வருவது என் பழக்கம். முதுகலை வகுப்பில் எல்லோரும் நான் குறித்த அந்தத் தாளை வைத்துத்தான் தங்கள் தலைவிதியைப் பார்ப்பார்கள். அன்று தாள் மிகக் கடினம். ஒரு வங்காளிப் பையன் மண்குவளையைத் தரையில் போட்டு உடைத்து, "ஷப் ஷேஷ்!" என்றான். எல்லாம் முடிந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் சாலையைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

என் தோழி, அந்த வங்காள நகரின் பெஹாலா பகுதியில் வளர்ந்த தமிழ்ப் பெண். அவள் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அந்தப் பருவத்தில் எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்பதே நிபந்தனை.

"மூணாவதுல எத்தனை எனர்ஜி லெவல்டீ உனக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு. பிரிஞ்சு வந்துச்சு."

"ரெண்டா? ஒண்ணுதான் வரும்."

"சரியா பாத்தியா?"

"பாத்தேன். உன்னோடது தப்பு."

பக்கத்தில் இருந்த இருவரும் தங்களுக்கும் ஒன்றுதான் என்றார்கள். அவள் ஐந்தாவது கேள்வியைத் தொடவே இல்லை; வேறு இரண்டும் பாதியில் நின்றிருந்தன. மூன்றாவதும் போனால் தேர்ச்சி கிடையாது. விரல்விட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டு, "அச்சா, சரி" என்று பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தாளில் தோல்வி உறுதி என்று பட்டால் மீதித் தாள்களை எழுதாமல் 'டிராப்' போட்டுவிடுவார்கள்; அந்தப் பருவத்தில் எழுதிய தாள்களும் கணக்கில் வராது. அடுத்த ஆண்டு எல்லாவற்றையும் ஒன்றாக எழுதினால், மதிப்பெண் பட்டியலில் தோல்வி என்ற சொல் இருக்காது.

மூன்று நாள் கழித்துப் புள்ளியியல் இயற்பியல் தேர்வு. எனக்கு முன்னால் இருந்த அவள் இருக்கை காலியாக இருந்தது. தாமதமாக வருவாள் என்று நினைத்தேன். நான்காவது கேள்வியில் ஒரு சதுரப் பெட்டிக்குள் இருக்கும் துகளைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். அதன் இரண்டாவது ஆற்றலில் இரண்டு நிலைகள் உண்டு என்று எழுதினேன். எழுதிய கை நின்றது. குவாண்டம் தாளின் மூன்றாவது கேள்வியிலும் இதே பெட்டிதான்; அதில் ஒரு சிறு விசையைச் சேர்த்தால் அந்த ஆற்றல் என்னவாகும் என்று கேட்டிருந்தார்கள். ஒரே ஆற்றலில் இரண்டு நிலைகள் இருந்தால் பயன்படுத்தக் கூடாத சூத்திரத்தை அங்கே நான் பயன்படுத்தியிருந்தேன். ஆற்றல் இரண்டாகப் பிரியத்தான் வேண்டும்.

தேர்வு முடியும்வரை எழுதினேன். எப்படி எழுதினேன் என்று நினைவில்லை. நேராகப் பெஹாலாவுக்குப் போனேன். அவள் அம்மா கதவைத் திறந்து, "வாம்மா, அவ ரூம்லதான் இருக்கா. பரீட்சைக்குப் போகலன்னு சொல்லிட்டா" என்றார்.

"மூணாவது உன்னோடதுதான் சரி. நான்தான் தப்பு" என்று அறைக்குள் போய் அவளிடம் சொன்னேன்.

"எப்போ தெரிஞ்சுது?"

"இன்னிக்கு. நாலாவது கேள்வி எழுதறப்போ."

"குடு, இன்னிக்குப் பேப்பர."

வினாத்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரை மெதுவாகப் படித்தாள். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"எல்லாமே தெரிஞ்சதுதான்டீ."

மன்னிப்புக் கேட்டேன். "நீ சொன்னதும் ஒரு தடவையாவது நான் போட்டுப் பாத்திருக்கலாம்ல?" என்றாள். என்னிடமா தன்னிடமா என்று தெரியவில்லை. அவள் அம்மா தட்டில் ரசகுல்லா கொண்டு வந்து வைத்தார். இருவரும் தொடவில்லை.

முடிவுகள் வந்தபோது குவாண்டம் தாளில் வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிக மதிப்பெண். டிராப் போட்டதால் அது செல்லாது. ஆராய்ச்சி இடம் காத்திருப்போர் பட்டியலில் இருந்த ஒருவருக்குப் போனது.

நான் இப்போது சால்ட் லேக்கில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தவறாக எழுதிய கணக்கோடும் தேர்ச்சி பெற்றுவிட்டேன். அவள் அடுத்த மாதம் எல்லாத் தாள்களையும் மறுபடி எழுதுகிறாள். ஆராய்ச்சி இடத்துக்குப் புதிதாக விண்ணப்பித்திருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.