பத்து நாள் சைவம்

மற்றவர்களின் வீட்டுச் சாமான்களை டெம்போவில் ஏற்றி இறக்குவதுதான் அப்போது என் பிழைப்பு. புனேயில் எந்த அடுக்ககத்தின் வாசலில் எந்த பீரோ நுழையாது என்பதுவரை எனக்குத் தெரியும். எனக்கென்று மட்டும் ஒரு வீடு அகப்படவில்லை. ஏரவாடாவில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். முறை வைத்துத்தான் தூக்கம். ஒருவன் எழுந்தால் இன்னொருவனுக்குப் பாய்.

மனைவியும் மகளும் தூத்துக்குடியில், அவளுடைய அண்ணன் வீட்டில் இருந்தார்கள். ஜூனில் மகளை இங்கே பள்ளியில் சேர்க்க வேண்டும். ஆனால் மனைவி என் பேச்சை நம்பி ஏற்கெனவே இரண்டு முறை ரயில் ஏறியவள். ஹூப்ளியில் சிமெண்ட் கிடங்கிலும், சூரத்தில் லாரி ஷெட்டிலும் குடித்தனம் நடத்திப் பார்த்துவிட்டாள்.

"வீட்ட போன்ல காட்டுங்க. அடுப்படிய கண்ணால பாத்தாத்தான் டிக்கெட்டு" என்று சொல்லிவிட்டாள்.

நிக்டியில் நான் முதலில் போன வீட்டின் சொந்தக்காரர் ஒரே கேள்விதான் கேட்டார். மீன், கறி உண்டா? உண்டு என்றேன். கதவு என் மூக்கை உரசிக்கொண்டு மூடியது. இரண்டாவது வீட்டிலும் அதே. நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன்தான், ஆனாலும் இரண்டு அடியில் பாடம் ஏறிவிடும். அன்று முதல் சுத்த சைவமானேன். அதற்குப் பிறகு போன வீடுகளில் வேறு காரணம் சொன்னார்கள். தனியாளுக்கு வீடு இல்லையாம். மனைவி ஊரில் இருக்கிறாள் என்றால், "எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்று சிரித்தார்கள். வீடு கிடைத்தால்தான் குடும்பம் வரும், குடும்பம் வந்தால்தான் வீடு கிடைக்கும். இந்த வட்டத்துக்குள் டெம்போவோடு சுற்றிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் தேஹு ரோட்டில் ஒரு வீட்டைக் காலி செய்யும் வேலை வந்தது. மாடியில் வீட்டுக்காரம்மா, கீழே குடித்தனக்காரர்கள். சாமான் ஏற்றி முடியும்வரை அந்தக் குடித்தனக்காரரின் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே நின்றார். தூசிக்காக என்று நினைத்தேன். கடைசி மூட்டையை ஏற்றி, அவர்களையும் டெம்போவில் உட்காரவைத்த கையோடு மாடிக்கு ஓடினேன்.

வீட்டுக்காரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மராட்டியில் சித்தியை அழைப்பதுபோல மாவ்ஷி என்று கூப்பிட்டேன். எங்கள் பேச்சு இந்தியில்தான் நடந்தது.

"கீழ் வீடு எனக்கு வேணும், மாவ்ஷி. மனைவி, ஒரு பொண்ணு, அவ்வளவுதான்."

"சாப்பாடு?"

"சுத்த சைவம்."

அவர் முகம் சுருங்கியது. நம்பவில்லை போலிருக்கிறது என்று, "முட்டைகூடக் கிடையாது" என்றேன். இன்னும் சுருங்கியது. "வெங்காயம், பூண்டுகூட வாசல் தாண்டாது" என்றேன்.

"அப்புறம் எதைத்தான் திங்கறீங்க? போப்பா, வேற வீடு பாரு."

ஒரு தடவை என் மனைவியைப் பாருங்கள் என்று கெஞ்சிக் கீழே கூட்டிவந்தேன். வீடியோவில் அழைத்தேன். ஒரே அழைப்பில் அவளுக்கு வீட்டையும் இவருக்குக் குடும்பத்தையும் காட்டிவிடலாம் என்பது என் கணக்கு.

மனைவி வணக்கம் சொன்ன வேகத்தில் அடுப்படிக்குள் நுழைந்துவிட்டாள். "குழாயத் தொறங்க. தண்ணி வருதா? சரி, சன்னல் எங்க? கருவாடு வறுத்தா பொக போவதுக்கு வழி இருக்கா?"

"ஏளா, மெதுவாப் பேசு."

"எதுக்கு? கருவாடு என்ன கடத்தல் சாமானா? இந்தா பாருங்க, உங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்." ஒரு பையைத் தூக்கிப் போனுக்கு முன்னால் பிடித்தாள். திரை முழுக்க நெத்திலி.

"அது என்ன?" என்றார் மாவ்ஷி.

"வத்தல், மாவ்ஷி. காய் வத்தல்."

"வத்தலுக்குக் கண்ணு இருக்குமா?"

நான் குழாயை மூடினேன்.

மாவ்ஷி சிரிக்க ஆரம்பித்தார். என் கையிலிருந்து போனைப் பறித்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். நான் பின்னால் ஓடினேன். பரண்மேல் பழைய போர்வைக்குள் ஒளித்து வைத்திருந்த டப்பாவை இறக்கித் திறந்து, அதிலிருந்த காய்ந்த மீனை ஒவ்வொன்றாக என் மனைவிக்குத் தூக்கிக் காட்டினார். அவளும் தன் பையிலிருந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். இவர் மராட்டியில் பேச, அவள் தமிழில் பேச, இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

"நான் கொங்கண் கடற்கரைக்காரி" என்றார் என்னிடம். "உன் வண்டியில உட்கார்ந்திருக்காளே, அவ ரெண்டு வருஷமா நாத்தம் நாத்தம்னு என்னைச் சட்டி வைக்க விடல. என் சொந்த வீட்டுல நான் திருடி மாதிரி மீன் வறுத்தேன். இனிமே சைவத்துக்கு வீடு இல்லைன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். நீ என்னடான்னா பூண்டே திங்கமாட்டேங்கற!"

"அவுக என்ன சொல்லுதாக?" என்றாள் மனைவி.

"வீடு கெடைச்சிட்டு."

"உங்களுக்கா?"

"ஒனக்கு. நான் பொய்யனாம். ஒப்பந்தம் உம் பேருலதான் போடுவாகளாம்."

அவள் சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்து, திரையில் அவளுடைய அண்ணன் வீட்டு மின்விசிறி மட்டும் சுற்றியது. பிறகு மகளின் முகம் வந்தது.

"அப்பா, அம்மா பெட்டிய எறக்குதா."

கீழே ஹாரன் விடாமல் அலறியது. பழைய குடித்தனக்காரர்களை டெம்போவிலேயே மறந்துவிட்டிருந்தேன். அவர்களின் புது வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே ஓட்டினேன். வழியெல்லாம் மூக்கைப் பொத்தியிருந்த அந்த அம்மா, நான் குடித்திருக்கிறேனா என்று மோந்து பார்க்க முந்தானையைக் கொஞ்சம் விலக்கினார்.