மேடத்துக்கு நான் போட்ட மார்க்

பேசியே குணப்படுத்துகிறார்களாம். கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பேசினால் குணமாகும் என்றால் எங்கள் லிங்கராஜபுரம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற ஒருவருக்கும் ஒரு நோயும் இருக்கக் கூடாது.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். பெங்களூரில் கம்பெனி கேப் ஓட்டுகிறேன். காலையில் பிரேசர் டவுன் பக்கம் நான்கு பேரை ஏற்றி எலெக்ட்ரானிக் சிட்டியில் இறக்க வேண்டும். பயப்படுவதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே அனுபவம் உண்டு. வண்டியைப் பூட்டிவிட்டு மூன்று முறை திரும்பிப் போய்க் கதவை இழுத்துப் பார்ப்பேன். ஆனாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் கை ஆடாது. ஒரு மழை நாள் வரை அப்படித்தான் இருந்தது.

அன்றைக்கு எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிற நீள மேம்பாலத்தின் நடுவில் டிராபிக் நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு பஸ் நகர்ந்தபோது பாலம் லேசாக அதிர்ந்தது. பாலம் என்றால் அதிரும், அது எனக்குத் தெரியும். நெஞ்சுக்குத் தெரியவில்லை. மூச்சு அடைத்தது, விரல் மரத்தது, வண்டியில் இருக்கிற நான்கு பேரையும் கீழே கொட்டப் போகிறேன் என்று தோன்றியது. எப்படியோ பாலத்திலிருந்து இறங்கி, அவர்களை விட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர், இதயம் அருமையாக இருக்கிறது என்றார். அவமானமாகிவிட்டது. ஒரு சின்ன அடைப்பாவது இருந்திருந்தால் மரியாதையாகப் படுத்திருக்கலாம்.

அதன் பிறகு நான் பாலத்தில் ஏறவில்லை. கீழ் ரோட்டில் சிக்னல் சிக்னலாக நின்று போனேன். நான்கு பேரும் தினமும் லேட். சூப்பர்வைசர் கூப்பிட்டார். கன்னடக்காரர், எங்களோடு தமிழில்தான் பேசுவார்; நடுவில் கன்னடம் ஒட்டிக்கொள்ளும், யாரைக் கூப்பிட்டாலும் ‘குரு’தான்.

“ஏன் குரு, மேல ரோடு எதுக்குப் போட்டிருக்காங்க? காக்கா உக்காரவா?”

“மேல போனா ஒரு மாதிரி ஆவுது சார்.”

“சும்னே கதை சொல்லாத. மனசுக்குப் பாக்கற கவுன்சிலர் யாரையாவது பாரு. பாலத்துல ஓட்டலாம்னு லெட்டர் வாங்கிட்டு வா. இல்லன்னா ரூட்ட வேற ஆளுக்குக் குடுத்துருவேன்.”

எங்களிடம் இருந்த எல்லா ரூட்டும் அந்தப் பாலத்தின் மேல்தான் போகும். ரூட் போனால் வேலை போச்சு.

என் மனைவி ஒரு நர்சரி பள்ளியில் ஆயா. அங்கே ஒரு மிஸ் சொன்ன இடத்தை விசாரித்துக்கொண்டு வந்தாள்.

“மேடம் தமிழ்தாங்க. திருச்சிப் பக்கம். மனசு விட்டுப் பேசிட்டு வாங்க.”

“உங்கிட்ட பேசாததையா அங்க போய்ப் பேசப் போறேன்?”

“எங்கிட்ட எங்க பேசறீங்க? கேஸ் ஆஃப் பண்ணியா, கதவு சாத்தினியான்னு கேக்கறீங்க. அதுக்குப் பேரு பேச்சா?”

பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது அந்த அறை. மூன்று நாற்காலி, ஒரு பிளாஸ்டிக் செடி. மேடத்துக்கு என் தங்கை மகள் வயதுதான் இருக்கும். உட்கார்ந்ததும் மூக்கு ஒழுகாத என் முன்னால் ஒரு டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தார்.

“ஒரே வைத்திய முறையில போகமாட்டோம்ணா. ரெண்டு மூணு முறையச் சேத்து, உங்களுக்கு எது பொருந்துதோ அப்படிப் போவோம்” என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் போனால் மெடிக்கல் கடைக்காரர் நாலு விதமான மாத்திரையைப் பொட்டலம் கட்டித் தருவாரே, ஏதாவது ஒன்று வேலை செய்யும் என்று, அந்த மாதிரி.

ஒரு வாரம் மூச்சு விடக் கற்றுக்கொடுத்தார். நாற்பத்து மூன்று வருஷமாக நான் வேறு என்ன செய்துகொண்டிருந்தேன்? இன்னொரு வாரம் அப்பாவைப் பற்றிக் கேட்டார். “அந்தப் பாலத்தக் கட்டினது எங்கப்பா இல்ல மேடம்” என்றேன். அடுத்த வாரம், மனதில் ஓடுவதை நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதப் பயந்துதான் பள்ளியை விட்டு ஓடினேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும். அப்புறம் ஒரு நாள் மூன்றாவது நாற்காலியை என் எதிரில் இழுத்துப் போட்டார்.

“இதுல உங்க பயம் உக்காந்திருக்குன்னு வெச்சுக்குங்கண்ணா. அதுகிட்ட பேசுங்க.”

“என்னன்னு மேடம்?”

“உங்களுக்கு என்ன தோணுதோ அது.”

“காபி சாப்பிடறியான்னு கேக்கட்டுமா?”

அவர் சிரிக்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டார். சிரித்திருந்தால் கொஞ்சம் மதித்திருப்பேன்.

ஒவ்வொரு வாரமும் முடிவில் ஒரு தாளை நீட்டுவார். மேலே இங்கிலீஷில் ஏதோ இரண்டு வரி, கீழே பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள். முதல் நாள் அவர் அதை விளக்கியபோது என் காது தெருவில் இருந்தது. வண்டியை நோ பார்க்கிங்கில் நிறுத்தியிருந்தேன், தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று. ஆனால் இதில் விளக்க என்ன இருக்கிறது? எங்கள் தொழிலில் இருப்பதுதானே. வண்டியிலிருந்து இறங்குகிறவர்கள் போனில் எங்களுக்கு ஸ்டார் போடுவார்கள். ஒரு ஸ்டார் குறைந்தால் சூப்பர்வைசர் கூப்பிட்டுவிடுவார். இந்தப் பெண்ணுக்கும் மேலே ஒரு சூப்பர்வைசர் இருப்பார். என்னால் அவர் வேலை போக வேண்டாம். வித்தை ஒன்றும் உருப்படி இல்லை என்றாலும், பத்தைச் சுற்றி நன்றாக வட்டம் போட்டுக் கொடுத்தேன். ஏழு வாரமும் பத்து.

ஏழாவது வாரம் அந்தத் தாள்களை எல்லாம் மேடம் மேசையில் பரப்பி வைத்தார். முகம் வாடியிருந்தது.

“அண்ணா, லெட்டர் இப்ப தர முடியாது. உங்கள ஒரு டாக்டர்கிட்ட அனுப்பலாம்னு இருக்கேன். எத்தனையோ மாத்திப் பாத்துட்டேன், பத்துலயே நிக்குது.”

“பத்துக்குப் பத்து போட்டிருக்கேனே மேடம்! இன்னும் எவ்ளோ போடறது?”

“இது உங்க பயம் எவ்ளோன்னு கேக்கற தாள்ணா. நீங்க என்ன நினைச்சீங்க?”

சொன்னேன். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்து டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். சிரித்துக்கொண்டிருந்தார். வாரம் தவறாமல் புதுப்புது வித்தையாக இறக்கியது இதனால்தான். எந்த வைத்தியமும் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, அவருக்குத் தெரிந்த அத்தனையையும் என் மேல் கொட்டியிருக்கிறார்.

“சரி, இப்ப உண்மையிலயே எவ்ளோண்ணா?”

“ஏறிப் பாத்தாத்தானே தெரியும்?”

“அப்ப ஏறிப் பாருங்க. ஆள் யாரும் வேணாம். வண்டிய மட்டும் எடுத்துட்டுப் போங்க. பாத்துட்டு வந்து போடுங்க, லெட்டரப் பத்திப் பேசுவோம்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். ஏறுகிற இடத்தில் நிறுத்தி, கதவையெல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டு ஏறினேன். ஏறிய பிறகு ரிவர்ஸ் எடுக்க முடியாது. மூச்சை அவர் சொன்ன மாதிரி இழுத்தேன், பாதியில் நின்றுவிட்டது. விரல் மரக்க ஆரம்பித்தது. பக்கத்து சீட் காலியாக இருந்தது.

“வந்துட்டியா? உக்காரு, பெல்ட்டப் போடு” என்றேன், சத்தமாக. “எட்டாவதுல வாத்தியார் போர்டுக்குக் கூப்ட்டப்ப வந்த. ஸ்கூல விட்டு ஓடினேன். பெரியவன் பொறந்தப்ப வந்த. ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னுட்டேன், புள்ள மூஞ்சியக் கடைசியாத்தான் பாத்தேன். ஒரு தடவையாவது நீ சொன்னது நடந்திருக்கா? தண்டச்சோறு!”

அதற்கு மேல் சொன்னதை எழுத முடியாது. அது எங்கள் ஸ்டாண்டின் மொழி. திட்டி முடித்தபோது எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கியிருந்தேன். சட்டை முழுக்க வேர்வை. திரும்பி வரும்போதும் அதே பாலம், அதே வசவு.

அடுத்த வாரம் தாளில் ஆறு போட்டேன்.

“போய்ட்டு வந்துட்டீங்களே, இன்னும் ஆறாண்ணா?”

“ஆறுதான் மேடம். உங்களுக்காகக் கொறைக்க முடியாது.”

நாற்காலி வித்தையை நான் செய்ததாகச் சொல்லவில்லை. சொன்னால் தலைகால் புரியாது அவருக்கு. தாளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு லெட்டர் எழுதிக் கொடுத்தார். சூப்பர்வைசர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் டீ கிளாஸுக்கு அடியில் வைத்தார். “சரி குரு, நாளைக்கு வந்துரு.”

இப்போது தினமும் பாலத்தில்தான் போகிறேன். வண்டியில் ஆள் இருப்பதால் சத்தம் போட முடியாது, உதடு மட்டும் அசையும். போன வாரம் முன் சீட்டில் இருந்த பெண் காதிலிருந்து ஹெட்போனை எடுத்துவிட்டு, “ஜபம் பண்றீங்களாண்ணா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“ஆமாம்மா” என்றேன்.

அவள் காலை மடக்கி ஒழுங்காக உட்கார்ந்தாள். எந்தச் சாமியும் அந்த வார்த்தைகளைக் கேட்டு அங்கே நின்றிருக்காது.