அம்மன் காட்டில் மேய்ந்த கிடா

1. மஞ்சள் துணி

ஊற்று வற்றப்போகிறது என்று குப்பம்மா ஆள் அனுப்பியதும், கண்ணமங்கலத்திலிருந்து கிளம்பி ஜவ்வாது மலை ஏறினேன். நான் அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் ஃபீல்டு ஸ்டாஃப். குப்பம்மா அங்கே மலைமேல் ஒரு சிற்றூரில் மகளிர் குழுத் தலைவி. வாய் பெரிசு, வேலையும் பெரிசு.

ஊற்றுக்கு மேலே இருந்த சரிவு மொட்டையாகக் கிடந்தது. மழைத்தண்ணீர் மண்ணில் இறங்கப் பெண்களே குறுக்கே ட்ரெஞ்ச் வெட்டி, புங்கனும் நெல்லியும் நட்டார்கள். மாடு விடாதீர்கள் என்றால் மட்டும் எந்த ஆணும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குப்பம்மா ஒரு கல்லை நட்டு மஞ்சள் துணி சுற்றினாள்.

"இது இனிமே அம்மன் காடு. எவன் மாடு உள்ள பூந்தாலும் அவன் அம்மனுக்குப் பதில் சொல்லிக்கட்டும்!"

ஒரு மாடுகூட ஏறவில்லை. நான் ஆபீஸ் மீட்டிங்கில் பெருமை அடித்துக்கொண்டேன்.

2. கிடா

அடுத்த முறை போனால், நட்ட மரக்கன்றுகளில் கொழுந்தே இல்லை. நடுவில் ஒரு கறுப்புக் கிடா நின்று மென்றுகொண்டிருந்தது.

"அடிச்சுத் துரத்துங்களேன்!" என்று கத்தினேன்.

"இன்னாக்கா பேசற? அம்மன் கிடா அம்மன் காட்ல மேயுது. எந்த வாயால தொரத்தறது?" என்றாள் குப்பம்மா. அவள் கண் கலங்கியிருந்தது. மகளின் பிரசவம் நல்லபடியாக ஆகவேண்டும் என்று அவளே நேர்ந்துவிட்ட கிடா அது. திருவிழாவில் வெட்டும்வரை அதைக் கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது.

கல்லைப் பிடுங்கினால் ஊர் மாடெல்லாம் ஏறும். விட்டுவைத்தால் கன்றுகளை அழிக்கக் கிடாவே போதும். இரண்டில் எது நடந்தாலும் ஊற்று போய்விடும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

குப்பம்மா சட்டென்று நிமிர்ந்தாள். "அடிக்கத்தான கூடாது? தீனி போடக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே!"

வீட்டுக்கு வீடு முறை வைத்தார்கள். விடிந்ததும் ஊருக்குக் கீழே தழையும் சாமைத் தவிடும் வைப்பார்கள். கிடா சரிவுப் பக்கம் போவதையே விட்டுவிட்டது.

"எனுக்கு டீத்தண்ணி குடுக்க ஆளில்ல, கிடாவுக்கு விருந்து" என்று புலம்பினார் அவள் புருஷன்.

"நீயும் கொம்பு வச்சிக்கினு வா, போடறேன்."

மாடுகளுக்கும் வீட்டோரம் தீவனப்புல் வளர்த்தார்கள். காட்டை மூடுமுன், அங்கே மேய்ந்த வாய்க்கு வேறு வழி பார்க்கவேண்டும் என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

3. பந்தி

மழைக்குப் பின் சரிவு பச்சை பிடித்தது, ஊற்றில் தண்ணீர் தங்கியது. மகளுக்கும் சுகப்பிரசவம். திருவிழாவில் கிடாவை வெட்டினார்கள். தழை போட்ட பெண்கள் ஒருத்தியும் கறியைத் தொடவில்லை. என் இலையிலும் கறி அப்படியே இருந்தது.

"நீ ஏன்க்கா துன்னல? அதுக்குத் தழை போட உனுக்கு முறையே வரலியே" என்றாள் குப்பம்மா.

நான் இலையை மெல்ல நகர்த்தினேன். அவள் என் இலையை எடுத்துவிட்டு, தன் பக்கத்தில் இடம் விட்டு, புது இலை போட்டு, இரண்டு பேருக்கும் ரசம் ஊற்றினாள்.