கருடனுக்குக் காத்திருந்த காலை

சிங்கப்பூரில் மார்கழி பிறந்துவிட்டதா என்பதைப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பனி இல்லை, குளிர் இல்லை. வருஷம் முழுவதும் சூரியன் ஒரே நேரத்துக்கு வந்து ஒரே நேரத்துக்குப் போகிறான். வந்த முதல் வருஷம் இது தெரியாமல், ஊர்ப் பழக்கத்தில் மார்கழி முதல் நாள் விடியலில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சிராங்கூன் சாலைக்கு வந்து நின்றேன். ஒரு சீன ரிக்‌ஷாக்காரன் வண்டியை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்து, தன் காதைத் தொட்டுக் காட்டி, வலிக்கிறதா என்று சைகையில் கேட்டான். அவனுக்குச் சட்டை கிடையாது, உடம்பெல்லாம் வியர்வை. துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்கு மார்கழி வரவில்லை.

எனக்குக் குறையாகப் பட்ட இந்த வெதுவெதுப்பைத் தேடித்தான் வெள்ளைக்காரர்கள் கப்பல் ஏறி வருகிறார்கள். அவர்கள் ஊரில் அந்த மாதங்களில் ஆறு கூட உறைந்துபோகுமாம். கார்த்திகை முதல் மாசி வரை நான் கிராணியாக, அதாவது கணக்குப்பிள்ளையாக, வேலை பார்க்கும் ஓட்டலில் அறை காலியாக இருக்காது. காலையில் தோட்டம், மதியம் தூக்கம், மாலையில் கோயில், மசூதி, சீனர் கோயில் என்று ஒன்று விடாமல் பார்ப்பார்கள். நாம் சாமி கும்பிடுவதை அவர்கள் நின்று பார்ப்பார்கள். அதை நாம் பார்ப்போம்.

இதே மாதங்களில் இங்கே வரும் இன்னொரு கூட்டம் பறவைகள். கோடிக்கரைப் பக்கத்தில் பிறந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் சேற்றில் உள்ளான் கூட்டம் இறங்கினால் வாடை பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதே உள்ளானை இங்கே ஆற்றுச் சேற்றில் முதன்முதலில் பார்த்தபோது சொந்தக்காரனைப் பார்த்ததுபோல் இருந்தது. ஆனால் அவை பங்குனியில் திரும்பிப் போய்விடுகின்றன. நான் எட்டுப் பங்குனியாக இங்கேதான் இருக்கிறேன்.

இந்தப் பறவைப் பைத்தியம் என்னைச் சந்தி சிரிக்க வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. நடந்தது அதைவிட மோசம். ஆறு வருஷமாக வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். இப்போது ஊர்ப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

எங்கள் வரிசை வீடுகளில் கோவிந்தசாமி என்று ஒருவர் இருக்கிறார். மாடு வைத்திருப்பவர், மாயவரத்துப் பக்கம். கப்பலை விட்டு இறங்கி நான் எங்கே போவதென்று தெரியாமல் நின்றபோது தன் மாட்டுக் கொட்டகையில் இடம் கொடுத்தவர். அவரும் இன்னும் சில மாட்டுக்காரர்களும் சேர்ந்து கொட்டகைகளுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெருமாள் கோயில் கட்டினார்கள். பட்டர் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தார். தை மாதத்தில் கும்பாபிஷேகம் என்று முடிவானது. கோவிந்தசாமியின் மனதில் மட்டும் ஒரு முள் இருந்தது. கடல் தாண்டிப் போனவன் கட்டுகிற கோயிலில் பெருமாள் குடியேறமாட்டார் என்று ஊரில் அவருடைய பெரியப்பா ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். கும்பாபிஷேகத்தன்று கருடன் வந்து கலசத்துக்கு மேலே வட்டமிட்டால்தான் பெருமாள் ஏற்றுக்கொண்டார் என்பது நம்மில் குழந்தைக்கும் தெரியும்.

"கிராணியாரே, நீங்க பறவ தெரிஞ்ச ஆளு. இந்த ஊர்ல கருடன் உண்டா?" என்று கேட்டார்.

"ஏன் இல்ல? தொறமுகத்துல எவ்வளவோ சுத்துது."

"அங்க சுத்தி என்ன பண்றது? இங்க வரணுமே."

"இங்கயும் ஒரு சோடி இருக்கு. ஆத்தோரம் பாக்காமரத்துல, அதான் நம்மூரு அலையாத்தில, கூடு. தெனமும் ஒம்போது மணிக்குக் கொட்டகைக்கு மேல வருது. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கருடனையே நான் வளர்ப்பதுபோல் அவர் பார்த்த பார்வையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் தை மாதத்தில்தான் ஓட்டலுக்கு ஒரு துரையும் துரைசானியும் வந்தார்கள். இருவருக்கும் பறவை என்றால் உயிர். துரைசானி பைனாக்குலரில் பார்த்துப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் படம் வரைவாள். துரை சுட்டு, தோலை உரித்து, பஞ்சு அடைத்துப் பெட்டியில் வைப்பார். அவர் ஊர்க் காட்சிசாலைக்கு அனுப்புவாராம். எனக்குப் பறவை தெரியும் என்று கேள்விப்பட்டு என்னையே வழிகாட்டியாகக் கேட்டார்கள். மேனேஜரும் அனுப்பினார். இரண்டு நாள் சேற்றில் சுற்றினோம். நான் காட்டியதெல்லாம் துரையிடம் ஏற்கெனவே இருந்தது. மூன்றாம் நாள் படகிலேயே அவர் கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவி என்னை அவமானப்படுத்தியது. இன்றைக்கு நினைத்தால் அதுதான் வெட்கமாக இருக்கிறது. ஒரு வெள்ளைக்காரன் வாயைத் திறந்து மூடியதற்காக நான் என்ன செய்தேன் பாருங்கள்.

கும்பாபிஷேக நாளுக்கென்றே ஒரு திட்டம் போட்டேன். விடியலில் ஆற்றில் கருடன் கூடு, ஒன்பது மணிக்குக் கோயிலில் திருவிழா. துரைக்குப் பறவை, துரைசானிக்கு வேடிக்கை. இப்படி ஒரு நாளை வேறு எந்த வழிகாட்டியும் காட்டியிருக்க முடியாது என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

பாக்காமரங்களுக்கு நடுவே படகு போனது. கூட்டுக்குப் பக்கத்துக் கிளையில் ஒன்று உட்கார்ந்திருந்தது. செங்கல் நிற முதுகு, வெள்ளைத் தலை. கையை நீட்டிக் காட்டினேன். கருடனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வது நமக்கு மூச்சுவிடுவதுபோல். கை தானாகவே கன்னத்துக்குப் போய்விட்டது. துரைசானி இரக்கத்தோடு என்னைப் பார்த்து, "இங்கே கொசு அதிகம்தான்" என்று சொல்லிப் பையிலிருந்து ஒரு தைலக் குப்பியை எடுத்துக் கொடுத்தாள். நானும் வாங்கிக் கன்னத்தில் தடவிக்கொண்டேன்.

"இது அபூர்வமானதா?" என்று துரை கேட்டார்.

அவர் எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அபூர்வம் என்றால் உடனே சுடுவார் என்று கணக்குப் போட்டு, "இல்லை துரை, சாதாரணப் பறவை. இந்த ஊரில் எங்கே பார்த்தாலும் இருக்கும்" என்றேன்.

"அப்படியென்றால் ஒன்று குறைந்தால் தெரியப்போவதில்லை" என்று கையை நீட்டினார்.

துப்பாக்கி என் மடியில் இருந்தது. சுடமாட்டார் என்று நினைத்தேன், வெறுமனே பார்க்க வந்தார் என்று நினைத்தேன் என்றெல்லாம் இங்கே எழுதலாம். எல்லாம் பொய். துப்பாக்கியை நான்தான் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். 'இது எங்கள் பெருமாளின் வாகனம், வேண்டாம் துரை' என்று சொல்ல ஆறு வார்த்தை போதும். அந்த ஆறும் எனக்கு இங்கிலீஷில் தெரியும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறந்து பாதியும், திறக்காமல் பாதியும் கெட்டேன்.

சுட்ட கருடனைக் காகிதம் சுற்றிப் பிரம்புக் கூடையில் வைத்தார்கள். கூடையை என்னிடம் கொடுத்து, "எறும்பு ஏறினால் இறகு போய்விடும். எங்கேயும் கீழே வைக்காதே" என்றார் துரை. ஓட்டலுக்குப் போய் வைத்துவிட்டு வர நேரமில்லை, முகூர்த்தம் தவறிவிடும். நேராகக் கோயிலுக்கு வந்தோம்.

செத்ததைக் கையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குள் எப்படிப் போவது? சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு கொட்டகை ஓரமாக நின்றுகொண்டேன். துரையையும் துரைசானியையும் எதிர்த் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். சாரத்தின் மேலே பட்டர் குடத்தோடு நின்றார். கீழே மாட்டுக்காரர்கள், சலவைக்காரர்கள், கூலிகள், பெண்கள், எல்லார் முகமும் வானத்தைப் பார்த்து இருந்தது. ஒன்பது மணி அடித்தது. ஒன்பதரை. நாதஸ்வரக்காரர் ஓய்ந்துவிட்டார். ஒரு காகம் பறந்தது, கூட்டம் ஏமாந்தது.

துரைசானி எழுந்து என்னிடம் வந்தாள். "எல்லாரும் எதற்காகக் காத்திருக்கிறார்கள்?"

"நல்ல நேரத்துக்காக, அம்மா" என்றேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு திரும்பினாள்.

பிறகு கோவிந்தசாமி வந்தார். நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"இன்னும் காங்கலையே கிராணியாரே. முகூர்த்தம் முடியப்போகுதுன்னு பட்டர் சொல்றாரு. தெனமும் வரும்னீங்களே?"

கூடை எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது. அவர் கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

"காத்து கொஞ்சம் மாறியிருக்கு. வரும்" என்றேன்.

"பெரியப்பா சொன்னது பலிச்சிருமோன்னு பயமா இருக்கு."

"வரும்ணே."

அவர் என்னை நம்பினார். என் வார்த்தையைக் கொண்டுபோய் அவர் கூட்டத்தில் சொன்னதும், கூட்டம் தலையாட்டியதும் எனக்குத் தெரிந்தது. இன்றைக்கும் தினமும் காலையில் அவர் வீட்டுப் பால்தான் எனக்கு வருகிறது. கோயிலில் விசேஷம் என்றால் முதல் பிரசாதம் என் வீட்டுக்கு. 'வரும்னு சொன்ன வாய்' என்று எல்லாரிடமும் என்னைக் காட்டுகிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பத்திரிகை கப்பலில் வந்தால் யாராவது வாசித்துச் சொல்வார்கள். இருபது அடி தள்ளியிருக்கும் வீட்டுக்கு நடந்துபோய்ச் சொல்லத் துணிவில்லாமல், கடலைச் சுற்றி அனுப்புகிறேன்.

முகூர்த்தம் முடிய இன்னும் சில நிமிஷம் இருந்தபோது ஆற்றுப் பக்கத்திலிருந்து அது வந்தது. செங்கல் நிறம், வெள்ளைத் தலை. கூட்டம் "கோவிந்தா" என்று ஒரே குரலில் சொன்னது. பட்டர் குடத்தைக் கவிழ்த்தார். மேளம் முழங்கியது. சாதாரணமாக இரண்டு மூன்று வட்டம் போட்டுவிட்டுப் போய்விடும் என்பார்கள். இது போகவில்லை. கத்திக்கொண்டே, தாழ்ந்து தாழ்ந்து, சுற்றிக்கொண்டே இருந்தது. பெண்கள் அழுதார்கள். இவ்வளவு நேரம் நின்ற கருடனை எந்தக் கும்பாபிஷேகத்திலும் பார்த்ததில்லை என்று ஒருவர் சொன்னார். அது யாரைத் தேடுகிறது என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கோவிந்தசாமி கண்ணீரோடு ஓடி வந்தார். "வந்துட்டாரு கிராணியாரே, நம்மள ஏத்துக்கிட்டாரு. என்ன சும்மா நிக்கிறீங்க? கூடைய வச்சிட்டுக் கும்பிடுங்க."

எங்கே வைப்பது? அவர் காலடியிலா? என்னைச் சுற்றி அத்தனை கைகளும் தலைக்கு மேலே கூப்பியிருந்தன. இடது கையில் கூடையை இறுக்கிக்கொண்டு, வலது கையை மட்டும் நெற்றிவரை தூக்கினேன். எதிரே நாற்காலியில் இருந்த துரை அதைப் பார்த்துவிட்டு, நான் தனக்குத்தான் சலாம் வைக்கிறேன் என்று நினைத்து, தொப்பியை எடுத்து ஆட்டினார்.