சுலோசனா கரைத்த உப்பு

மரக்காணம் உப்பளத்தில் யாருக்காவது தலை சுற்றினால் வைத்தியம் ஒன்றுதான். நீராகாரத்தில் உப்பை அள்ளிப் போட்டுக் கரைத்துக் கொடுப்பார்கள். குடித்தவர் சற்று நேரத்தில் எழுந்து வேலைக்குப் போய்விடுவார். சிறு வயதிலிருந்து அங்கே உப்பு வாரிய சுலோசனாவுக்கும் தெரிந்த வைத்தியம் அதுதான். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அவள் புருஷன் தட்சணாமூர்த்திக்கு இதயம் பலவீனம். எண்பத்தெட்டாம் வருஷம் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இதயத்துக்குச் சில மாத்திரைகளும், நீர் பிரிய ஒரு மாத்திரையும் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார். உப்பில் பிழைக்கிற வீட்டில் சப்பென்ற குழம்பு. மனுஷன் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். கால் வீக்கம் வடிந்தது, மூச்சும் சீரானது. ஆனால் காலையில் பாயை விட்டு எழுந்தால் கண் இருட்டியது. ஒருநாள் விழப்போனவரை அவள்தான் தாங்கிப் பிடித்தாள்.

ஊரில் ஊசி போடும் கண்ணாயிரம் வந்து பார்த்து, பிரஷர் ரொம்பக் குறைவு என்றார். சுலோசனா பயந்துபோனாள். மறுநாளிலிருந்து தினமும் நீராகாரத்தில் உப்பைக் கரைத்து, பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைத்தாள்.

ஒரு வாரத்துக்குள் கால் மறுபடி வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. அவரை பஸ்ஸில் ஏற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய், கேட்பதற்கு முன்பே டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. நீரை வடித்து அவரைத் தேற்றிய பிறகு, பொறுமையாக விளக்கினார். வெயிலில் வேர்த்து மயங்குகிறவருக்கு உப்பு சரி; இவருக்கோ அது உடம்பில் நீரைத் தேக்கி, களைத்த இதயத்தின்மேல் பாரம் ஏற்றும். இவருக்குப் பிரஷர் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, தலை சுற்றாமல் இருந்தால் சரி. தலை சுற்றலுக்கு மாத்திரைகளின் வேகம்தான் காரணம் என்று, நீர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். மற்ற மாத்திரைகளை ஒரே வேளையில் விழுங்காமல் பிரித்துப் போடவும், எழுந்ததும் கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டு நிற்கவும் சொன்னார்.

வீடு திரும்பிய மறுநாள் காலை, பாயில் உட்கார்ந்திருந்தவரின் தோளைப் பிடித்தபடி சுலோசனா கேட்டாள்.

"உப்பு கூடாதுன்னு உங்கிட்டயும்தானே சொன்னாங்க? ஏன் குடிச்ச?"

"தெரியும். நீ பயந்துபோய் இருந்த. நான் குடிச்சா உன் மொகம் தெளிஞ்சுது. அதான் குடிச்சேன்."

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் அவள் பேச்சுக்கு மறுபேச்சு பேசியதில்லை. அது நல்ல குணம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"வேணாம்னு சொல்லு."

"யார்கிட்ட?"

"எங்கிட்டதான். இப்பவே சொல்லு."

அவர் முணுமுணுத்தார். காதில் விழவில்லை என்றாள். பக்கத்து வீட்டுக்கே கேட்கும்படி அவர் வேணாம் என்று சொன்ன பிறகுதான், கையைக் கொடுத்து எழுப்பினாள்.