மாரிராஜின் காதில் விழுந்த பட்டி

மேலகரம் மாரிராஜிடம் வேலை பார்த்தவர்கள் அவரைப் பற்றி முதலில் சொல்வது அவருடைய பயத்தைத்தான். சாரத்தில் ஆள் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு முடிச்சையும் அவரே இழுத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு இறங்கியவர், சந்தேகம் வந்து மறுபடியும் ஏறுவார். மழை பெய்கிற அன்று, வீட்டுக்குப் போன ஆட்களுக்கெல்லாம் போன் போட்டுப் போய்ச் சேர்ந்தாச்சா என்று விசாரிப்பார். பின்னால் அவரைக் 'கவலை மேஸ்திரி' என்று சொல்லிக்கொள்வார்கள். அது அவர் காதுக்கும் வந்திருந்தது. அவர் கோபப்பட்டதில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், செங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்றவன் சாரத்தோடு சரிந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். அவன் பிழைத்தான். ஆனால் அதன்பிறகு எழுந்து நடக்கவில்லை.

பிளஸ் டூவில் கணக்கில் தவறியதும் சித்தப்பாவோடு பெயின்ட் வேலைக்குப் போனவர் மாரிராஜ். முதலில் உப்புத்தாள் தேய்த்தார். பிறகு பட்டி பார்க்கக் கற்றுக்கொண்டார். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் சுவரின் குழியும் சொரசொரப்பும் போக, வெள்ளை மாவைக் குழைத்துத் தகட்டால் இழுத்துப் பூசுவதுதான் பட்டி பார்ப்பது. அதில் அவர் வேலை சுத்தம். நாற்பது வயதுக்குள் சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிற நிலைக்கு வந்துவிட்டார். மனைவி சண்முகப்பிரியா தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள்.

உள்ளூரில் ஆள் கிடைப்பது குறைந்துபோனதால் ஜார்க்கண்டிலிருந்து வந்த மூன்று பேரை அவர் சேர்த்துக்கொண்டார். மூவரில் மூத்தவன் லக்கன் மஹதோ, முப்பது வயதுக்காரன். மாரிராஜுக்குத் தெரிந்த ஹிந்தி, மேலே, கீழே, சீக்கிரம் என்கிற 'ஊப்பர்', 'நீச்சே', 'ஜல்தி'யோடு முடிந்துவிடும். லக்கனுக்குத் தெரிந்த தமிழும் அவ்வளவுதான். மீதியைக் கையைக் காட்டியே சமாளித்தார்கள். அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

போன கோடையில், குற்றாலத்தில் சீசன் தொடங்குவதற்கு முன்னால், ஐந்தருவி சாலையில் ஒரு விருந்தினர் விடுதிக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை வந்தது. விடுதிக்காரர் புனலூரில் இருந்தார். இங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது ஓமனக்குட்டன். தென்மலைக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். தமிழை நன்றாகப் புரிந்துகொள்வார். பேசும்போது மட்டும் மலையாளம்தான் முன்னால் வந்து நிற்கும். விடுதி வளாகத்தில் ஒரு செவலை நாய் சுற்றிக்கொண்டிருந்தது. டீ குடிக்கும்போதெல்லாம் லக்கன் அதற்கு பிஸ்கட் போடுவான்.

ஒருநாள் மாரிராஜ் தென்காசியில் பெயின்ட் கடையில் நின்றுகொண்டிருந்தார். நிறம் கலந்த டப்பாவை மெஷினில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள், கடையே அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் ஓமனக்குட்டனின் போன் வந்தது.

"மேஸ்திரி, லக்கன்டெ காலில் பட்டி மாந்தி. ஒந்நு நோக்கணே."

மலையாளத்தில் பட்டி என்றால் நாய். மாந்தி என்றால் பிறாண்டியது. கொஞ்சம் பாருங்கள் என்பதுதான் மீதி. மாந்தி என்ற சொல் மாரிராஜுக்குத் தெரியாது. பட்டி என்றால் நாய் என்பது தெரியும். செங்கோட்டைப் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் அன்று காலையில்தான் பத்து மூட்டை பட்டி மாவை அந்த விடுதியில் இறக்கிவிட்டு வந்திருந்தார். மனமெல்லாம் அதில் இருந்தது. காலில் பட்டி கொட்டிவிட்டது போலிருக்கிறது என்றுதான் காதில் விழுந்தது. பட்டி மாவு ஈரத்தோடு தோலில் கிடந்தால் அரிக்கும், அவ்வளவுதான்.

"பட்டிதானே, சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

சாயங்காலம் அவர் விடுதிக்குப் போனபோது, லக்கன் கால்சட்டையைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினான். இரண்டு கீறல்கள். ரத்தம் உறைந்து, சுற்றிலும் வெள்ளைத் தூசி படிந்திருந்தது. லக்கன் கையால் சுற்றுகிற மாதிரி காட்டி, "பட்டி, பையா, பட்டி" என்றான். மாரிராஜ் தலையாட்டினார். மூட்டையை இறக்கும்போதோ தகடு பட்டோ கீறியிருக்கும் என்று நினைத்தார். பைக் பெட்டியில் எப்போதும் வைத்திருக்கும் மருந்துத் துணியை எடுத்து அவரே சுற்றிக் கட்டினார். லக்கன் சிரித்தான். அந்த நாய் அவனுக்குப் பழக்கம். விளையாட்டில் நகமோ பல்லோ பட்டுவிட்டது என்பதற்கு மேல் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரக் கடைசியில் லக்கன் ஊருக்குக் கிளம்பினான். அவன் மனைவிக்கு அது பிரசவ மாசம். மாரிராஜே அவனைத் தென்காசி ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். வண்டி நகரும்வரை நின்று, சென்னையில் வண்டி மாறுவதைப் பற்றிக் கையால் நாலு தடவை சொல்லிவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் காலை இட்லியில் கை வைத்திருந்தபோது ஓமனக்குட்டன் கூப்பிட்டார்.

"மேஸ்திரி, ஆ பட்டி சத்து. அது பேப்பட்டி ஆயிருந்நு."

செத்துப்போச்சு என்கிறார் என்பது புரிந்தது. பட்டி எப்படிச் சாகும் என்று ஒரு கணம் மாரிராஜ் விழித்தார். அடுத்த கணம் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பேப்பட்டி என்பது வெறிநாய். வாயில் நுரை தள்ளிக்கொண்டு பக்கத்துத் தோப்பில் இரண்டு ஆடுகளைக் கடித்துவிட்டு, அன்று விடியற்காலையில் அது செத்துக் கிடந்தது என்று ஓமனக்குட்டன் சொல்லிக்கொண்டே போனார். மாரிராஜுக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கையைக் கழுவக்கூட இல்லாமல் லக்கனின் எண்ணை அழுத்தினார்.

லக்கன் எடுத்தான். சென்னை ஸ்டேஷனில் அறிவிப்புச் சத்தம். நாய்க்கு ஹிந்தியில் என்ன சொல்ல வேண்டும் என்று மாரிராஜுக்குத் தெரியவில்லை. வாயில் வந்தது ஓமனக்குட்டன் சொன்ன சொல்தான்.

"லக்கன், காலு... பட்டி? பட்டி?"

"பட்டி நஹி, பையா. பட்டி கோல் தியா. டீக் ஹை" என்றான் அவன். பேசும்போதே லைன் அறுந்துவிட்டது.

மாரிராஜுக்கு உயிர் திரும்பி வந்தது. பட்டி நஹி என்றால் நாய் இல்லை என்றுதானே அர்த்தம்? நாய் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்கிறான் என்று சண்முகப்பிரியாவிடம் சொன்னார். அவள் கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவள், அப்படியே நின்றாள்.

"அவனுக்குப் பட்டின்னா நாயின்னு யாரு சொன்னா?" என்று கேட்டாள். "அன்னைக்குக் கட்டுப் போடச்சொல்லிக் கேட்டப்பவும் பட்டின்னுதான் சொன்னான்னு நீங்கதானே சொன்னீங்க. அவன் பாஷையில கட்டுத்துணிக்குப் பேரு அதுவா இருந்தா?"

மாரிராஜ் மறுபடியும் போனை எடுத்தார். திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தார். போன் அணைந்து கிடந்தது.

தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹிந்தி சொல்லிக்கொடுக்கும் மெஹர் பானு டீச்சரின் வீட்டுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாரிராஜ்தான் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். சண்முகப்பிரியாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நேராக அங்கே போனார். கோடை விடுமுறை, டீச்சர் வீட்டில் இருந்தார். லக்கன் சொன்னதை மாரிராஜ் அப்படியே சொல்லிக் காட்டினார். டீச்சர் கேட்டுவிட்டு, "கட்டு இல்லை, கட்டை அவுத்துட்டேன்னு சொல்லியிருக்காரு. நாயைப் பத்தி அவருகிட்ட இன்னும் யாரும் கேக்கவே இல்லை" என்றார்.

அங்கிருந்து அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். கடிபட்டவன் இல்லாமல் கணவனும் மனைவியும் வந்து நின்றதில் டாக்டர் முதலில் குழம்பினார். பிறகு பொறுமையாகச் சொன்னார். நகக் கீறலாக இருந்தாலும் ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். புண்ணைச் சுற்றி ஒரு மருந்தும் போடவேண்டும். தாமதமாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது, எந்த ஊரில் இருக்கிறானோ அந்த ஊரிலேயே உடனே போட்டுக்கொள்ளட்டும் என்றார். நோய் தெரிய ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது என்று மாரிராஜ் கேட்டார். புண்ணைக் கழுவினானா என்று டாக்டர் திருப்பிக் கேட்டார். சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னதை மாரிராஜ் சொன்னார். அது நல்ல காரியம் என்றார் டாக்டர். எதை நினைத்து அப்படிச் சொன்னோம் என்பதை அவரிடம் விளக்க மாரிராஜுக்குத் தெம்பில்லை.

பகல் முழுவதும் லக்கனின் போன் அணைந்தே கிடந்தது. சென்னையில் திரும்பிய பக்கமெல்லாம் ஆஸ்பத்திரி இருக்கும்; அவன் அங்கே எங்கேயோ பிளாட்பாரத்தில் துண்டை விரித்துப் படுத்திருப்பான். இந்த எண்ணம் மாரிராஜை உட்காரவிடவில்லை. டீச்சரை விட்டு, மற்ற இரண்டு ஜார்க்கண்ட் பையன்களையும் லக்கனின் வீட்டுக்குப் போன் போட்டுப் பேசச் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சியிடம் விஷயத்தைச் சொல்ல அவர்கள் பயந்து, அண்ணன் வந்ததும் பேசச் சொல்லு என்பதோடு முடித்துவிட்டார்கள்.

பொறுக்கமாட்டாமல் விடுதிக்குப் போய் ஓமனக்குட்டனிடம் கத்தினார். நாய் என்று தெளிவாகச் சொல்வதற்கு என்ன என்று கேட்டார். ஓமனக்குட்டனின் புஜத்தில் ஊசி போட்ட தடம் இருந்தது; அவரும் அந்த நாய்க்குச் சோறு வைத்தவர். அவர் பதிலுக்குக் கத்தவில்லை.

"ஞான் சொல்லியல்லோ மேஸ்திரி. நீங்க தன்னே சொன்னீங்க, பட்டிதானே, கழுவச் சொல்லுங்கன்னு. மேஸ்திரி பார்த்துக்குவாருன்னு நான் விட்டு" என்றார்.

மாரிராஜ் அங்கேயே பட்டி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அவரும் ஓமனக்குட்டனும் ஒரே சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார்கள். எதிராளி சொன்னது புரிந்துவிட்டது என்றே இரண்டு பேரும் நினைத்திருக்கிறார்கள்.

இருட்டத் தொடங்கும்போது லக்கனே கூப்பிட்டான். வண்டி மாறி ஏறிவிட்டானாம். பெட்டியில் சார்ஜ் போட இடம் கிடைத்ததாம். மாரிராஜ் மெஹர் பானுவின் வீட்டு வாசலில்தான் இருந்தார். போனை அப்படியே டீச்சரிடம் கொடுத்தார்.

டீச்சர் நாயைப் பற்றிக் கேட்டார். ஆமாம், நாய்தான் கீறியது, இப்போது ஆறிவிட்டது என்றான் லக்கன். நாய் செத்த விதத்தைச் சொன்னார். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றான் அவன். நடுவில் இறங்கினால் டிக்கெட் வீணாகிவிடும், மனைவிக்கு இன்றோ நாளையோ என்றிருக்கிறது, தெரியாத ஊரில் யாரைப் போய்க் கேட்பது என்று வரிசையாகச் சொன்னான். டீச்சர் அதட்டினார், கெஞ்சினார். அவன் அசையவில்லை. பக்கத்தில் நின்ற சண்முகப்பிரியா மெதுவாகச் சொன்னாள்.

"பிறக்கப்போற பிள்ளையைத் தூக்குறதுக்கு அவன் கூட இருக்கணும்லா, அதைச் சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் அதை ஹிந்தியில் சொன்னார். எங்கே இறங்குவது என்று லக்கன் கேட்டான். அடுத்த பெரிய ஸ்டேஷன் விஜயவாடா என்று டீச்சர் பதில் சொன்னார். சரி என்றான்.

இறங்குவானா மாட்டானா என்று தெரியாமல் மாரிராஜ் அன்று படுக்கவில்லை. சண்முகப்பிரியா சொல்லியும் சாப்பிடவில்லை. காலையில் டாக்டரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தபடியே இருந்தார். மறுநாள் கடைகள் திறக்கிற நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, தூக்கக் கண்ணோடு லக்கன் நின்றான். மாரிராஜ் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். சீட்டில் டாக்டர் கிறுக்கியிருந்தது ஒன்றுகூட அவருக்கு விளங்கவில்லை. டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி, இரண்டு மருந்தும் போட்டிருக்கிறார்கள் என்று அவர் வாயால் கேட்ட பிறகுதான் டீ குடித்தார்.

விஜயவாடாவில் நடந்ததைப் பிற்பாடு டீச்சரிடம் லக்கன் சொன்னான். ஸ்டேஷனில் ஒரு பெரியவரிடம் காலைக் காட்டி, பட்டி கட்டியிருந்தேன், ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று இவன் ஹிந்தியில் சொல்லியிருக்கிறான். தெலுங்கில் பட்டி என்றால் கால் கொலுசாம். யாருடைய கொலுசோ காணாமல் போய்விட்டது என்று நினைத்து அவர் இவனை ரயில்வே போலீஸிடம் கூட்டிப் போய்விட்டார். அங்கே ஹிந்தி தெரிந்த ஒரு போலீஸ்காரர்தான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். டீச்சர் இதைச் சொல்லிச் சிரித்தார். மாரிராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் போலீஸ்காரர் அன்று லீவில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார்.

மீதி ஊசிகளை லக்கன் சொந்த ஊரில் போட்டுக்கொண்டான். ஒவ்வொரு ஊசி நாளிலும் இங்கிருந்து போன் போகும். படம் வரும்வரை மாரிராஜ் வேறு வேலையில் கை வைக்கமாட்டார். லக்கனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தச் செய்தி வந்த அன்றும், காய்ச்சல் ஏதும் உண்டா என்றுதான் டீச்சரை விட்டு முதலில் கேட்கச் சொன்னார். வேலையிடத்தில் அவருடைய பேச்சே மாறிப்போனது. யாராவது போனில் எதையாவது சொன்னால், என்ன சொன்னீங்க, எதைச் சொல்லுதீங்க, படம் எடுத்து அனுப்புங்க என்று குடைந்தெடுத்துவிடுவார். பட்டி என்று ஆட்கள் சொன்னால், எந்தப் பட்டி என்று கேட்பார். கவலை மேஸ்திரிக்கு முற்றிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஆடியில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தபோது லக்கன் திரும்பி வந்தான். வந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் குளிக்க வேண்டும் என்றான். மாரிராஜும் கூடப் போனார். வெறிநாய் தீண்டியவன் தண்ணீரைக் கண்டால் நடுங்குவான் என்று ஊரில் சொல்வதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர் அவர். ஊசியெல்லாம் முடிந்துவிட்டது, இனி பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தாலும் லக்கனின் துணிகளை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு வெளியே தள்ளியே நின்றார்.

லக்கன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அருவிக்குள் போனான். தலையைக் கொடுத்தான். முகத்தை மேலே திருப்பி, வாயைத் திறந்து, விழுகிற தண்ணீரைக் குடித்தான். பிறகு திரும்பி, மாரிராஜைப் பார்த்துக் கையாட்டினான்.

மாரிராஜ் ஈரப் படியிலேயே உட்கார்ந்தார். பின்னால் வந்தவர்கள் வழி கேட்டார்கள். நகர்ந்து கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, துணிகளைப் பக்கத்தில் நின்றவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டு, சட்டையைக் கழற்றினார்.