பின் சீட்டில் ஐந்து மூட்டை

காரை நிறுத்தியதும் உத்தமன் நேரே வீட்டுக்குள் போகமாட்டார். பின் சக்கரத்தின் அருகே குனிந்து, டயருக்கும் மேலே உள்ள மட்கார்டுக்கும் நடுவில் விரல்களை நுழைத்துப் பார்ப்பார். அந்தப் பக்கம் சுற்றிப்போய் அங்கேயும் பார்ப்பார். விரலில் ஒட்டிய கரியைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். மேனாம்பேட்டில் எங்கள் மாவுக் கடைக்கு எதிர்வீடு அவருடையது. கிரைண்டர் ஓடும்போது தெருவைத் தவிர எனக்குப் பார்க்க வேறொன்றும் இல்லை. பல வருடங்களாக இதைப் பார்க்கிறேன்.

தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். பழைய சிவப்புக் கார் ஒன்று வாங்கி, ஸ்பிரிங்கை மாற்றி, தரையோடு தரையாக இறக்கிவைத்திருக்கிறார். வேகத்தடை வந்தால் நண்டு போலச் சாய்வாக ஏற்றுவார். பின்னால் வருகிற ஆட்டோக்காரர்கள் திட்டுவது காதில் விழாது. வெள்ளானூரிலிருந்து வரும் மாமியார் பஞ்சவர்ணம் மட்டும் முகத்துக்கு நேரே சொல்வார்: "இன்னா மாப்ள, காருன்னீங்கோ. பாய் போட்டு ஒக்காந்தா மாரி கீது."

"அதான் அத்தே ஸ்டைலு" என்பார் இவர், சிரிக்காமல்.

போன வருடம் பெரிய அலாய் சக்கரங்கள் மாட்டினார். பதினேழு அங்குலம். கூட வேலை செய்யும் வெங்கட்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். "சக்கரம் மட்கார்டத் தாண்டி நீட்டிகினு நிக்கணும் மச்சான். அப்பதான் கெத்து." டயர் கடையில் மாட்டியபோது விரல் தாராளமாக நுழைந்தது. வண்டி காலியாக இருந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மனைவி சுதாவையும் மாமியாரையும் பின்னால் உட்காரவைத்து வெள்ளானூருக்குக் கிளம்பினார். ஆவடி தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியபோது, வெளியே நீட்டியிருந்த வலப்பக்கப் பின் டயரை மட்கார்டின் விளிம்பு கிழித்துவிட்டது. வெடிச் சத்தம். வண்டி ஓரமாகப் போய் நின்றது. அடி யாருக்கும் இல்லை. சுதா அம்மாவின் கையைப் பிடித்து இறக்கி, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, தானும் ஏறிவிட்டார். "இனிமே அந்த டப்பால என்னைக் கூப்புடாத." அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சுதா அம்மா வீட்டுக்கு பஸ்ஸில் போனார். உத்தமன் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருப்பார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைப்பார்.

ஒரு நாள் மாவு வாங்க வந்த உத்தமன், என் டப்பா மூடியை எடுத்து முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டினார். "சக்கரத்துக்கு ஆஃப்செட்டுனு ஒரு நம்பர் கீதுக்கா. கம்மியா இருந்தா சக்கரம் வெளிய வரும். ஜாஸ்தியா இருந்தா உள்ள போவும். ரொம்ப உள்ள போனா ஷாக்கப்சர்ல இடிக்கும். நான் வாங்கினது கம்மி." மூடியைக் கவனமாக மூடினார். "வெறும் வண்டிய வச்சிப் பாத்துட்டேன்."

சரியான எண்ணில் வேறு சக்கரங்கள் மாட்டிக்கொண்டு வந்த அன்று மறுபடியும் கடைக்கு வந்தார்.

"யக்கா, நாலு மூட்டை அரிசி குடேன். தோ, திருப்பித் தந்துர்றேன்."

"எதுக்கு?"

"சுதாவும் அத்தையும்."

இருபத்தைந்து கிலோ மூட்டைகள். பின் சீட்டில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டார். சுதா கேட்டருகே வந்து நின்றார். காரைப் பற்றி இருவரும் பேசி மாதக்கணக்காகியிருந்தது.

"இது யாரு?"

"அத்தே."

"அது?"

"நீ."

சுதா அந்த இரண்டு மூட்டைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

"எனக்கு ரெண்டு பத்தாது. இன்னொண்ணு வை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

உத்தமன் திரும்புவதற்குள் நான் ஐந்தாவது மூட்டையை வாசலுக்கு இழுத்து வைத்திருந்தேன். ஐந்து மூட்டைகளுடன் தெருவை மூன்று முறை சுற்றினார். வேகத்தடையில் வேண்டுமென்றே நேராக இறக்கினார். நிறுத்தி, குனிந்து, கையை விட்டார். ஒரு விரல் நுழைந்தது. வெங்கட் வந்து பார்த்துவிட்டு, "இன்னா மச்சான், சக்கரம் உள்ள பூந்துகிச்சி, கெத்தே போச்சே" என்றார். "போனா போவுது" என்றார் இவர்.

இப்போது ஞாயிறுதோறும் உத்தமனும் சுதாவும் காரில்தான் வெள்ளானூர் போகிறார்கள். சுதா உட்காருவது பின் சீட்டில், டயர் கிழிந்த அதே வலப்பக்கம், கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு. "ஒரசினா எனக்குத்தான் மொதல்ல கேக்கும்" என்கிறார். திரும்பி வந்ததும் அவர் உடனே இறங்குவதில்லை. உத்தமன் சுற்றிவந்து குனிந்து, கையை நுழைத்துப் பார்த்து, ஒற்றை விரலை உயர்த்திக் காட்டும்வரை உள்ளேயே இருக்கிறார். உத்தமனுக்குப் பக்கத்து முன் சீட் இன்னும் காலியாகத்தான் போய்வருகிறது.